வெட்டாத ஓரம்

என் பெயரைச் சொல்லிக் கேட்டால் எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் யோசிப்பார்கள். டமார் என்று கேளுங்கள், வீட்டுக்கு வழியே சொல்லிவிடுவார்கள். அண்ணனுடைய மகள் பேசப் பழகிய காலத்தில் 'தண்ணி' என்ற சொல்லுக்கு முன்பே 'டமார் அத்தை' அவள் வாயில் வந்துவிட்டது. நாலு பேர் கூடுகிற இடத்தில் நான் ஒரு தட்டைத் தூக்கினால் போதும், யாராவது ஒருவர் "பாத்து, பாத்து" என்பார். கூட்டம் சிரிக்கும். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். சிரிக்காவிட்டால் 'இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கறா பாரு' என்று கூடுதலாக ஒரு பட்டம் கிடைக்கும்.

பதினோரு வயதில் நான் அப்பாவின் புதுக் கேமராவைக் கீழே போட்டேன் என்பதுதான் அந்தப் பெயருக்குக் காரணம். நான் போடவில்லை. இதை இப்போது சுலபமாக எழுதிவிட்டேன். அன்றைக்குச் சொன்னபோது ஒருத்தரும் நம்பவில்லை.

அப்பா ஸ்டூடியோ வைத்திருந்தார். முன்னால் படம் எடுக்கிற அறை, பின்னால் பிலிம் கழுவுகிற இருட்டறை. இருட்டறைக்குள் அவரோடு போக எனக்கு மட்டும்தான் அனுமதி. அண்ணனுக்கு அந்த மருந்து வாடையே ஆகாது, தலையை வலிக்கிறது என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடிவிடுவான். சிவப்பு விளக்கின் கீழே, தட்டில் மிதக்கும் வெறும் தாளில் ஒரு முகம் மெல்ல மெல்ல ஏறி வருவதை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன். தாளை எப்போது வெளியே எடுப்பது என்று அப்பா என்னைக் கேட்பார். நான் சொல்கிற நேரத்தில் எடுப்பார். "இவளுக்குக் கண்ணு இருக்கு" என்று அம்மாவிடம் அவர் சொன்னதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறேன். ஸ்டூடியோ எனக்குத்தான் என்று அன்றே முடிவு கட்டிவிட்டேன்.

கேமரா வாங்கிய புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போனோம். அப்பா, அம்மா, நான், என்னைவிட மூன்று வயது மூத்த அண்ணன். கேமராவைத் தொட அப்பா ஒரே ஒரு விதி வைத்திருந்தார். முதலில் பட்டை கழுத்தில் ஏற வேண்டும், அப்புறம்தான் கேமரா கைக்கு வரும். நாங்கள் மூவரும் படகில் ஏறினோம். அண்ணனுக்குத் தண்ணீர் என்றால் நடுக்கம். கரையில் நின்று படம் எடுக்கிறேன் என்று சொல்லி, கேமராவை வாங்கிக்கொண்டு தங்கிவிட்டான். நாங்கள் ஒரு சுற்று போய்விட்டு வந்த பிறகு, நான் அப்பாவையும் அம்மாவையும் ஜோடியாக நிற்க வைத்து இரண்டு படங்கள் எடுத்தேன். பட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் எடுத்தேன். வீட்டுக்கு வந்து உறையைக் கழற்றியபோது, கேமராவின் முதுகு மூடி ஒரு மூலையில் நசுங்கி, மயிரிழை விலகி நின்றது.

"கடைசியா யாரு கையில இருந்துது?" என்று அப்பா கேட்டார்.

அண்ணன் யோசிக்கவே இல்லை. "அவதாம்பா கீழ போட்டா. நான் பாத்தேன். அப்பாகிட்ட சொல்லாதன்னு கெஞ்சினா."

போட்டாள் என்றானே, அது பயத்தில் வந்த பொய். அதை எந்தக் குழந்தையும் சொல்லும். கெஞ்சினாள் என்றது வேறு. அது யோசித்துச் சேர்த்தது. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவனை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

நான் இல்லை இல்லை என்று தொண்டை வறளக் கத்தினேன். "செய்யறதையும் செஞ்சுட்டுப் பொய் வேறயா?" என்றார் அப்பா. அம்மா என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய், "ஒத்துக்கோடி, ஒரு அடியோட விட்டுடுவாரு" என்று காதில் சொன்னாள். நான் ஒத்துக்கொண்டேன். அப்பா அடிக்கவில்லை. "இனிமே நீ உள்ள வராத" என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரமே அண்ணன் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு இருட்டறைக்குள் நின்றான். நான் வெளியே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினேன். கதவுக்கு அந்தப் பக்கம் அப்பா அவனைத் திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுப்பது எனக்குக் கேட்கும். நானாக இருந்தால் ஒரு தடவை சொன்னால் போதும் என்று நினைப்பேன்.

பிறகு படித்தேன், இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். மோதிய வண்டிகளின் போட்டோக்களை மேசையில் பரப்பி, எது இந்த விபத்தில் நசுங்கியது, எது போன வருடமே நசுங்கிக் கிடந்தது என்று பிரித்துச் சொல்கிற வேலை. படம் எடுக்கத்தான் விடவில்லை, படம் பார்த்தே காலத்தை ஓட்டினேன். நின்றிருந்த வண்டியில் வந்து இடித்துவிட்டான் என்று ஒருவர் கண்ணீர் விடுவார். நான் கதவில் விழுந்த கீறல் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்ப்பேன். கண்ணீருக்கும் கீறலுக்கும் பொருந்தாவிட்டால் கையெழுத்துப் போட மாட்டேன். ஆபீஸில் எனக்குக் கல்நெஞ்சக்காரி என்று பெயர். டமாருக்கு அது எவ்வளவோ மேல்.

நான் ரிட்டயர் ஆன கொஞ்ச நாளில் அண்ணன் ஓர் அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். பெட்டியைத் திறந்ததும் புளித்த வாடை குப்பென்று அடித்தது. பழைய பிலிமின் வாடை.

"ஸ்டூடியோவுக்கு அம்பது வருஷம் ஆகுது. பெருசா பண்றோம்" என்றான். "அப்பா எடுத்த ஸ்லைடு, நெகட்டிவ் எல்லாம் இதுல இருக்கு. எல்லாத்தையும் போட்டோவா மாத்தி ஸ்க்ரீன்ல காட்டணும். நீ பண்ணிக் குடு."

"ஸ்டூடியோ வச்சிருக்கறது நீ. நான் எதுக்கு?"

"கண்ணு ஆபரேஷனுக்கு அப்புறம் எனக்குக் கிட்டத்துல இருக்கறது சரியா தெரியல. பொண்ணுக்கு ஆர்டர் மேல ஆர்டர், நிக்க நேரமில்ல. நீ சும்மாதானே இருக்க? போன்லயே எடுக்கலாமாம், அவ சொல்லித் தருவா." பெட்டிக்குள் கைவிட்டுத் துழாவினான். "என்னோட முதல் படம் இருக்குல்ல, அந்தப் படகுப் படம், அதோட நெகட்டிவும் இதுலதான் எங்கயோ கிடக்கு. அத மட்டும் விட்டுடாத. கடைசியா அதத்தான் காட்டணும்."

அந்தப் படகுப் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்டூடியோ வாசலில் அப்பா அதை ஆள் உயரத்துக்குச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். ஏரியில் படகு கரையை நோக்கி வருகிறது. படகோட்டிக்குப் பின்னால் அப்பா, அம்மா, நடுவில் நான் வாயைத் திறந்து சிரித்துக்கொண்டு. வருகிறவர்களிடமெல்லாம் அண்ணன் பதினாலு வயதில் எடுத்தது என்று சொல்லுவான். நல்ல படம்தான். அதுதான் எனக்கு எரிச்சல்.

வாசலில் செருப்பை மாட்டியபடி திரும்பிப் பார்த்து, "பத்திரம். டமார்னு போட்டுடாத" என்று சிரித்துவிட்டுப் போனான். அறுபதை நெருங்குகிற மனுஷி நான். கதவைச் சாத்திவிட்டு அந்தப் பெட்டியை ஓர் உதை உதைத்தேன், மெதுவாகத்தான்.

அண்ணன் மகள் போனில் சொல்லித்தந்தாள். நல்ல பெண், தொழில் தெரிந்தவள். ஒரு செருப்புப் பெட்டியைக் கவிழ்த்து, மேலே போனின் கண் அளவுக்கு ஓட்டை போட்டேன். அடியில் டேப்லெட்டை வைத்துத் திரையை முழு வெள்ளையாக்கினேன். அதன் மேல் பால்நிற பிளாஸ்டிக் மூடி ஒன்று, இல்லாவிட்டால் திரையின் புள்ளிகளெல்லாம் படத்தில் விழுந்துவிடும். அதற்கும் மேலே இரண்டு கறுப்பு அட்டைகள், நடுவில் சின்ன ஜன்னல். அட்டைகளுக்கு நடுவில் நெகட்டிவைச் செருகி இழுத்தால் ஒவ்வொரு படமாக ஜன்னலுக்கு வரும். விரல் பட்டால் போன் ஆடும் என்பதால் தானாகவே எடுக்கிற மாதிரி வைத்துக்கொண்டேன். நெகட்டிவில் முகம் கறுப்பாகவும் முடி வெள்ளையாகவும் பேய்போல இருக்கும். போனில் ஒரு தட்டுத் தட்டினால் மனிதராகிவிடும்.

ஒரு தப்பு செய்தேன். அந்தக் கறுப்பு அட்டையின் ஜன்னலைப் படத்தின் அளவுக்குச் சரியாக வெட்ட வேண்டும். அளந்து வெட்டப் பொறுமை இல்லாமல் கத்திரிக்கோலால் குத்துமதிப்பாக வெட்டினேன், பெரிதாகிவிட்டது. படத்தைச் சுற்றியுள்ள வெற்று ஓரமும், பிலிமின் விளிம்பில் இருக்கிற பல் ஓட்டைகளும் சேர்ந்து வந்தன. அண்ணன் மகளிடம் காட்டியபோது, "அய்யோ அத்தை, இப்படி யாரும் எடுக்க மாட்டாங்க. சரி விடுங்க, அப்புறமா ஓரத்த வெட்டிக்கலாம்" என்றாள். நானும் இன்னொரு அட்டை வெட்டச் சோம்பல்பட்டு அப்படியே தொடர்ந்தேன்.

முதலில் ஸ்லைடுகளை முடித்தேன். எல்லாம் கலர். கடைத் திறப்பு, யாரோ ஒரு முதலாளியின் குடும்பம், அண்ணன் புது ஸ்கூட்டர் மேல், அண்ணன் புதுக் கேமராவோடு, அண்ணன் கல்யாணத்தில் அண்ணியோடு. நான் எங்கே என்று தேடினால் ஏதாவது ஒரு மூலையில் பாதி முகத்தோடு இருப்பேன். திட்டிக்கொண்டே ஒவ்வொன்றையும் தூசி ஊதி எடுத்தேன். படங்கள் அபாரமாக இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு வெளிச்சம் கை கட்டி வேலை செய்தது.

பிறகு நெகட்டிவ்கள். ஒரு மத்தியானம், திரைச்சீலையை இழுத்துவிட்ட அறையில், ஏரியில் எடுத்த பிலிம் கைக்கு வந்தது. ஆறு படங்கள் அடுத்தடுத்து இருக்கிற ஒரே துண்டு. இந்த வரிசையை ஆல்பத்தில் பார்க்க முடியாது. ஆல்பத்தில் படங்களை எந்த வரிசையிலும் ஒட்டலாம். பிலிமில் எது முதலில் நடந்ததோ அது முதலில் இருக்கும், அதை யாராலும் மாற்ற முடியாது.

முதல் படம், படகு கிளம்புகிறது, நான் கையை ஆட்டுகிறேன். ஓரம் சுத்தமாக இருந்தது. இரண்டாவதில் படகு நடு ஏரியில் சிறுத்துத் தெரிந்தது. அதிலும் ஓரம் சுத்தம். மூன்றாவதில் ஆட்களே இல்லை. புல் தரை கோணலாகச் சாய்ந்து கிடந்தது. கீழே ஒரு கால், பக்கிள் வைத்த செருப்பு. அந்தச் செருப்பு எனக்கு நன்றாகத் தெரியும், அண்ணன் அதை வாங்கித் தரச் சொல்லி இரண்டு நாள் சாப்பிடாமல் அடம் பிடித்தவன். யாரும் எடுக்க நினைத்து எடுத்த படம் இல்லை அது. விழுந்த கேமரா தானாகத் தட்டிக்கொண்ட படம். அதன் இடது ஓரத்தில், பல் ஓட்டைகளிலிருந்து உள்ளே நோக்கி, பிலிமில் கறுப்பாக, போனில் திருப்பினால் வெள்ளையாக, ஒரு கோடு பாய்ந்திருந்தது. நசுங்கிய மூடியின் இடுக்கில் வெளிச்சம் புகுந்தால் பிலிம் இப்படித்தான் கருகும்.

நான்காவது, அந்தப் புகழ்பெற்ற படகுப் படம். அதே கோடு படகின் முனையை நக்கிக்கொண்டிருந்தது. ஐந்தும் ஆறும் நான் எடுத்த அப்பா அம்மா. அவற்றிலும் அதே இடத்தில் அதே கோடு.

கேமரா விழுந்தபோது நான் ஏரி நடுவில் இருந்தேன். கரையில் கேமராவோடு இருந்தது ஒரே ஒருவன். படகுப் படத்தை 'நான்தான் எடுத்தேன்' என்று அவனே இத்தனை வருடமாக ஊரைக் கூட்டிச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அதைத் தேடி எடுக்கச் சொல்லி என் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்ததும் அவன்தான்.

நான் சிரித்தேன். தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம் அழுகை வந்தது. அழுது முடித்ததும் வயிற்றில் ஒரு கொள்ளி நின்று எரிந்தது, அது அணையவில்லை, அணைய நான் விடவும் இல்லை. அச்சுப் போடும்போது ஓரத்தைக் கொஞ்சம் வெட்டுவது ஸ்டூடியோக்களில் வழக்கம்தானே, அதனால்தான் இது யார் கண்ணிலும் படாமல் போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். தனியாகக் கேட்டால் தனியாக மழுப்புவான். எல்லார் வாயிலும் போட்டுவிட்ட பெயரை எல்லார் முன்னாலும்தான் பிடுங்க வேண்டும். அதைவிட முக்கியம் அப்பா. அம்மா போன பிறகு அண்ணன் வீட்டில்தான் இருக்கிறார். எண்பத்தைந்தைத் தாண்டிவிட்டார். காது மந்தம், கண் மட்டும் இன்னும் கூர்மை. அவர் போய்ச் சேர்வதற்கு முன்னால் 'நீ போடலம்மா' என்று அவர் வாயால் ஒரு தடவை நான் கேட்க வேண்டும். அண்ணன் தலை குனிவது எனக்குப் பலகாரம் என்றால், இதுதான் சாப்பாடு.

விழா நாள்வரை நான் தேனாகப் பேசினேன். "நெகட்டிவ் கிடைச்சுதா?" என்று அண்ணன் கேட்டான். "கிடைச்சுது அண்ணா. அதக் காட்டறதுக்கு முன்னாடி நீ ரெண்டு வார்த்தை பேசு, அன்னைக்கு எப்படி எடுத்தன்னு. எல்லாரும் கேக்கட்டும்" என்றேன். அவனுக்கு வாயெல்லாம் பல்.

ஸ்டூடியோவில் படம் எடுக்கிற பெரிய அறையில்தான் கூட்டம். பின்னால் தொங்கும் வெள்ளைத் துணியே திரை. சொந்தக்காரர்கள், மற்ற ஸ்டூடியோக்காரர்கள், ஆல்பம் தைக்கிறவர், பழைய வாடிக்கையாளர்கள் என்று நாற்காலி போதாமல் நின்றார்கள். அப்பாவை முதல் வரிசையில், கைத்தடியோடு உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்து மேசையில் அந்தப் பழைய கேமரா. முதுகு மூடியை எப்போதோ மாற்றிவிட்டார்கள், இன்னும் வேலை செய்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்ததை அன்றைக்கென்று வெளியே எடுத்து, பிலிம் போட்டு வைத்திருந்தான் அண்ணன். விழா முடிவில் அதிலேயே எல்லாரும் ஒரு படம் எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு.

நான் போனைத் திரையோடு இணைத்துக்கொண்டு ஓரமாக நின்றேன். ஸ்லைடுகள் ஓடின. கைதட்டல், "அட, இது நம்ம தெரு", "இவரு போயிட்டாரே". அப்புறம் அண்ணன் எழுந்து தொண்டையைச் செருமினான்.

"பதினாலு வயசு எனக்கு. அப்பா, அம்மா, தங்கச்சி மூணு பேரும் படகுல. கரையில நான் மட்டும், கையில இந்தக் கேமரா. கூட ஒரு ஈ காக்கா கிடையாது. அன்னைக்கு எடுத்தேன் பாருங்க ஒரு படம், அன்னைக்குத்தான் நான் போட்டோகிராபர் ஆனேன்."

கூட்டம் தட்டியது. நானும் தட்டினேன், எல்லோரையும்விடப் பலமாக.

"அண்ணாவோட படத்த வாசல்ல எல்லாரும் பாத்திருப்பீங்க" என்றேன். "முழுசா யாரும் பாத்திருக்க மாட்டீங்க." படகுப் படத்தைப் போட்டேன், ஓரத்தோடு, பல் ஓட்டைகளோடு. பிறகு மொத்தத் துண்டையும், ஆறு படங்களையும் வரிசையாக.

அண்ணன் மகள்தான் முதலில் கேட்டாள். "அத்தை, அந்த ஓரத்துல இருக்கறது லைட் லீக்கா?"

"ஆமாம்மா. கேமராவோட முதுகு நசுங்கினா அப்படி வரும்."

"அப்ப மூணாவது படத்துலயே கேமரா விழுந்து..." அவள் நிறுத்தினாள். அப்பாவைப் பார்த்தாள், அதாவது அவளுடைய அப்பாவை. "அத்தை, நீங்க படகுல இருக்கீங்களே."

"இருக்கேன்ல?" என்றேன். "அண்ணா இப்பதானே சொன்னான், கரையில அவனத் தவிர ஒரு ஈ காக்கா கிடையாதுன்னு." மூன்றாவது படத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கினேன். செருப்பு, பக்கிள், எல்லாம் பளிச்சென்று நின்றன. "இது யாரு செருப்புன்னு யாராவது சொல்லுங்களேன்."

ஆல்பம் தைக்கிறவர் "அடப்பாவி" என்றார், மெதுவாகத்தான், ஆனாலும் கேட்டது. அண்ணியின் முகம் வெளிறியது. அண்ணன் எச்சில் விழுங்குவதை நான் ஆசை தீரப் பார்த்தேன். இவ்வளவு சுகமாக இருக்கும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

"இதெல்லாம் சின்னப் பசங்க விஷயம்..." என்று ஆரம்பித்தான்.

"நான் கெஞ்சினேன்னு சொன்னியே அண்ணா, எங்க வச்சுக் கெஞ்சினேன்? தண்ணிக்குள்ளயா?"

யாரோ சிரித்தார்கள். முதல் தடவையாக அந்தச் சிரிப்பு என்னைப் பார்த்து இல்லை. அவன் உட்கார்ந்துவிட்டான். நான் அப்பாவின் பக்கம் திரும்பினேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார், நெற்றி சுருங்கி, உதடு கோணி. இதோ வருகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டேன். அவர் கைத்தடியைத் தூக்கித் திரையைக் காட்டினார்.

"ஓரத்த இப்படி விட்டது யாரு?" என்றார்.

"நான்தாம்பா."

"தொழில் தெரிஞ்சவன் இப்படிக் காட்டுவானா? அசிங்கமா இருக்கு. கழுவித் தொங்க விட்டப்பவே பாத்தேன், மூணாவதுலேர்ந்து ஓரமெல்லாம் கருகிப் போயிருந்துது. நல்லா உள்ள தள்ளி வெட்டித்தான் பிரிண்ட் போட்டேன். படகு மூக்கே போச்சு."

எனக்கு அவர் சொன்னது உடனே ஏறவில்லை. குனிந்து, அவர் காதருகில், எல்லோருக்கும் கேட்கும்படி கத்த வேண்டியிருந்தது.

"அப்பா, அப்ப உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா? நான் போடலன்னு?"

"தெரியாம? பிலிம கழுவுனது நான்தானே" என்றார். அசட்டுக் கேள்வி கேட்கிறாளே என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். "அதுக்குள்ள நீ ஒத்துக்கிட்ட. அவனுக்குப் படிப்பு ஏறல, ஒரு தொழிலாவது வேணாமா? நீ உள்ள இருந்தா அவன் எட்டியே பாக்க மாட்டான். நீ எப்படியும் பொழச்சுக்குவன்னு எனக்குத் தெரியும். பொழச்சுக்கிட்டல்ல?"

ஆயிரம் வண்டிகளின் நசுங்கலைப் பார்த்துப் பொய் பிடித்தவள், இந்த ஒரு சாதாரணக் கேள்வியைக் கேட்காமல் விட்டிருக்கிறேன்: அந்தப் பிலிமைக் கழுவியது யார்? அப்பாவை நான் ஏமாற்றப்பட்டவராகவே வைத்திருந்தேன். அவர் உண்மை தெரியாமல் என்னை விரட்டினார், தெரிந்திருந்தால் கூப்பிட்டிருப்பார் என்று நம்பித்தான் இத்தனை காலம் அவரை வெறுக்காமல் இருந்தேன். அண்ணன் பொய் சொன்னது ஒரு சாயங்காலம். அப்பா அந்தப் பொய்யைக் கழுவி, உலர்த்தி, ஓரம் வெட்டி, சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். தினமும் அதன் கீழே உட்கார்ந்து, மற்றவர்கள் என்னை டமார் என்று கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். அவரும் கூப்பிட்டிருக்கிறார்.

நான் அங்கேயே நின்றேன். என் கோபம் தப்பான ஆளின் வீட்டில் இத்தனை வருடம் குடியிருந்துவிட்டு, சாமான்களைத் தூக்கிக்கொண்டு பக்கத்து நாற்காலிக்கு நடந்தது.

அண்ணன் வாயைப் பிளந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் தெரியாது போல. பாவம், எந்த நாள் மாட்டிக்கொள்வோமோ என்று அவனும் பயந்துகொண்டே இருந்திருப்பான். அடுத்த நொடி அந்த முகத்தில் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"பாத்தியா, அப்பாவுக்கே தெரிஞ்சிருக்கு. அப்புறம் என்ன?" என்று எழுந்து கையைத் தேய்த்தான். "வயசான மனுஷன் முன்னாடி பழசையெல்லாம் எதுக்குக் கிளறணும்? நானும் சின்னப் பையன், ஏதோ நடந்துபோச்சு. வாங்க வாங்க, எல்லாரும் வந்து நில்லுங்க, குரூப் எடுத்துடுவோம்."

கூட்டமும் தப்பித்தால் போதும் என்று அவன் பேச்சைப் பிடித்துக்கொண்டது. நாற்காலிகள் நகர்ந்தன. உயரமானவர்கள் பின்னால், சின்னவர்கள் முன்னால், அப்பா நடுவில். அண்ணன் மேசையிலிருந்து அந்தப் பழைய கேமராவை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். கண்ணைப் பார்க்காமல், "இன்னைக்கு நீதான் எடுக்கணும்" என்றான். பெரிய மனசு பண்ணுகிறானாம். எனக்குச் சேர வேண்டிய ஒரு ஆயுளுக்கு ஈடாக ஒரு கிளிக்.

நான் கையை நீட்டினேன். அப்போது நடு நாற்காலியிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"டேய், பட்டைய மாட்டிக்கச் சொல்லுடா. போட்டுடப் போறா."

இரண்டு மூன்று பேர் பழக்கதோஷத்தில் சிரித்துவிட்டார்கள். அண்ணனும் சிரித்தான். அண்ணனுக்கு அடுத்து, நான் போடவில்லை என்று அறிந்த ஒரே மனிதர் அப்பாதான். சற்று முன்னால் அதை அவர் வாயாலேயே சொன்னார். ஆனாலும் அவருக்கு நான் கேமராவைப் போடுகிறவள். உண்மையை வெட்டி வெட்டி அவருக்கே மீதி இருப்பது என்னைப் பற்றிய அந்தப் படம்தான்.

பட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். கேமரா நான் நினைத்திருந்ததைவிடக் கனமாக இருந்தது. கண்ணை வைத்து, வளையத்தைத் திருகி, மங்கலாக இருந்த அப்பாவின் முகத்தைத் தெளிவுக்குக் கொண்டுவந்தேன். பின்னால் அண்ணன் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றான். அவன் மகள் மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்தாள். அத்தனை பேரும் அசையாமல் இருக்கிற ஒரு நொடிக்குக் காத்திருந்து அழுத்தினேன். நல்ல படம். எனக்கு அது தெரியும், எனக்குக் கண் இருக்கிறது.

பிறகு பட்டையைத் தலைக்கு மேலாகக் கழற்றினேன்.

"அத்தை" என்றாள் அண்ணன் மகள்.

கேமராவை இரண்டு கைகளிலும் ஏந்தி, தோள் உயரத்துக்கு, அப்பாவுக்கு நேராக நீட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, கேமராவைத்தான் பார்த்தார். நன்றாகப் பார்க்கட்டும் என்று கொஞ்சம் பொறுத்தேன். விரல்களை விரித்தேன்.

கண்ணாடி தெறித்தது. முதுகு மூடி பிய்ந்துகொண்டு போய் நாற்காலிக் காலில் மோதியது. பிலிம் சுருள் பிரிந்து, விளக்கு வெளிச்சத்தில் தரையெல்லாம் ஓடியது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. அப்பா கைத்தடியை ஊன்றி எழப் பார்த்தார், முடியாமல் மறுபடி உட்கார்ந்தார். நான் குனிந்து, அவர் காதில், இந்தத் தடவை கத்தாமல் நிதானமாகச் சொன்னேன்.

"தண்டனைய அப்பவே அனுபவிச்சு முடிச்சுட்டேன்பா. குத்தம் மட்டும்தான் பாக்கி இருந்துது."